பூச்சு உதிர்ந்தது, அடுப்படியே மாறியது

2024 அக்டோபரில் ஒரு விடிகாலை. பால் காய்ச்ச எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டால், அடுப்பின் மேல் முறம் அளவுக்குச் சிமெண்ட் பூச்சு விழுந்து கிடக்கிறது. பால் சட்டி வைக்கும் இடத்திலேயே விழுந்திருந்தது. கால் மணி நேரம் முன்னால் எழுந்திருந்தால் என் தலையில் விழுந்திருக்கும். அத்தை வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து, துடைப்பத்தை எடுத்தார்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் இருக்கிறது. கடல் அரை கிலோமீட்டர்கூட இல்லை. 2001-ல் மாமா, அதாவது என் மாமனார், கட்டிய வீடு. அவர் இப்போது இல்லை. கணவர் சவூதியில். வீட்டில் நான், அத்தை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். போட்டோ எடுத்து அனுப்பியதும் கணவர் சொன்னது, “உதிர்ந்த இடத்தைப் பூசி வெள்ளை அடிச்சிரு, மழைக்கு முன்னாடி முடிச்சிரு.” நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினெட்டாயிரம் ரூபாயில், ஒரு வாரத்தில் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசியில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. எழுபது நாள் பின்தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பு வைத்துச் சமைத்தோம். எங்கே எப்படி அது அவ்வளவு தூரம் போனது, எந்த முடிவு எந்த முடிவைப் பிடித்து இழுத்தது என்று எழுதிவைத்தால், கடற்கரையில் வீடு வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கொத்தனார் அண்ணன் வந்ததும் பூச்சைப் பார்க்கவில்லை. ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் கூரையை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டங், டங்’ என்று கேட்டது. அடுப்புக்கு மேலே வந்ததும் ‘டொப்’ என்று, காலிப் பானையைத் தட்டினாற்போல. அந்தச் சத்தம் வந்த இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பத்து அடிக்கு எட்டடி அடுப்படியில் பாதிக்கு மேல் வட்டமாகிவிட்டது. அப்புறம் ஒரு வட்டத்துக்குள் உளியை வைத்து லேசாக நெம்பினார். பலகை மாதிரி பெயர்ந்து வந்தது. உள்ளே தெரிந்த கம்பியை இரண்டு விரலால் பிடித்து வளைத்தார். காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி முறிந்தது. முறிந்த துண்டை என் கையில் கொடுத்தார். மேலே ஏடு ஏடாகத் துரு, நடுவில் பென்சில் முனை அளவுக்குத்தான் இரும்பு மிச்சம். 8 மில்லிமீட்டர் கம்பி அது.

“பூசலாம் தாயி. நாலு மாசத்துல மறுபடியும் விழும்” என்றார்.

ஏன் விழும் என்பதை என் தம்பி விளக்கினான். அவன் ராமநாதபுரத்தில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு வேலை பார்க்கிறான். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும். பருத்த துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து கீழே தள்ளும். மேலே பூச்சு பூசினால் நோயை மூடி வைத்த கதைதான். துரு வர இரண்டு வழி. ஒன்று, உப்புக்காற்று. இன்னொன்று, கட்டும்போதே கலவையில் ஊற்றிய தண்ணீர். மாமா கட்டிய காலத்தில் வாசலிலேயே குழி தோண்டி ஊறிய தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்ததை வைத்து எங்களுக்கு ஒரு நிழல் கட்டினார்.

தம்பி ஒரு பாட்டிலில் எங்கள் போர் தண்ணீரைப் பிடித்துப்போய் ஆய்வகத்தில் கொடுத்தான். லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் பொருள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனமும் கடலோரத்தில் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது அதே விதி. எங்கள் கூரையில் அளந்து பார்த்தான், அரை அங்குலம்தான் இருந்தது.

பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் வருஷம் முழுக்கத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள். எங்களால் அந்த விலைக்குப் போக முடியாது. எங்களால் முடிந்தது இரண்டுதான். கம்பி இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீர், நல்ல கனம். முடிந்த இடத்தில் கம்பியே இல்லாமல் செய்வது.

இரண்டாவதை எங்களுக்குச் சொன்னது அத்தைதான். அவர் பிறந்த வீடு கடலில் எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. “எங்க அப்பன் வீட்டுல கம்பியே கெடையாது. ஓதம் ஏறும், சுண்ணாம்பு உதிரும். மேல இருந்து ஒண்ணும் விழுந்ததில்ல” என்றார். இன்று கடலில் அந்தக் கல்லை எடுக்க முடியாது. மன்னார் வளைகுடா 1986 முதல் கடல் தேசியப் பூங்கா, பவளப்பாறையை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். ஆனால் அத்தை சொன்னதில் இருந்த விஷயம் எனக்குள் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் முதலில் நான் கேட்டது, “அண்ணே, இதுல கம்பி வேணுமா?”

முதலில் மொட்டை மாடியில் கை வைத்தோம். அடுப்படிக்கு நேர் மேலே 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. நிறைந்திருந்தால் அரை டன். முறிந்த கம்பியின் மேல் அரை டன் நிற்கிறது என்று உறைத்ததும் அன்றே தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியை மாடிப்படிச் சுவரின் மேல் மாற்றினோம். அடுப்படிக் கூரைக்கு அடியில் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தார்கள். தொட்டி இடம் மாறியதால் குழாய் எல்லாம் மாற வேண்டியதாகிவிட்டது. ‘பூச்சு வேலை’ என்பது ‘குழாய் வேலை’யாக ஆனது அங்கேதான்.

அடுத்தது பரண். லிண்டலோடு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டையோடு, சேர்த்துப் போட்ட கான்கிரீட் பரண், அதுவும் டொப்பென்றுதான் கேட்டது. இடித்தால் அதன் மேல் இருக்கும் பித்தளை அண்டா, குத்துவிளக்குப் பெட்டி, சீர்வரிசைப் பாத்திரம் எல்லாம் எங்கே போகும்? கீழே அலமாரி வேண்டும். அலமாரி என்றால் மேடை மாற வேண்டும். கூரையைக் கொத்தும்போது உள்ளே போன ஒயர்க் குழாயும் உடைந்துவிட்டது. ஆக, ஒயரிங்கும் புதுசு. பிளக் எங்கே வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். மிக்ஸி எங்கே வைக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? மிக்ஸியின் இடம் சிங்க் எங்கே என்பதைப் பொறுத்தது. சிங்க்கின் இடம் கழிவுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பொறுத்தது.

இரண்டு நாள் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, எதை எங்களால் மாற்றவே முடியாதோ அதை மட்டும் முதலில் எழுதினேன். தண்ணீர் ஓடும் சரிவு, காற்று வரும் திசை, அத்தையின் உயரம், என் உயரம். மற்றது எல்லாம் அதற்குக் கீழே. அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். வேலைக்கு வந்த எல்லாரிடமும் அதைக் காட்டித்தான் பேசினேன்.

கழிவுத் தண்ணீர் தெற்குப் பக்கம், தென்னை நிற்கிற கொல்லைக்குப் போகிறது. தரை அந்தப் பக்கம்தான் சரிவு. அத்தைக்கு சிங்க் வடகிழக்கில் வேண்டும், தண்ணீர் ஈசானியத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அங்கிருந்து கொல்லைக்குப் பத்தடிக்கு மேல் குழாய் ஓட வேண்டும். பத்தடிக்கு மூன்று அங்குலமாவது இறக்கம் கொடுக்க வேண்டும் என்றார் பிளம்பர், இல்லையென்றால் சோறும் எண்ணெயும் தேங்கி அடைக்கும். கிழக்குச் சுவரின் வெளிப்பக்கம் பக்கத்து வீட்டு வழி வேறு. நான் அத்தையிடம் வாதாடவில்லை. “குடிக்கிற தண்ணி ஈசானியத்துல இருக்கட்டும், கழுவுற தண்ணி கொல்லைப் பக்கம் இருக்கட்டும்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான். எச்சித் தண்ணிக்கு எதுக்கு ஈசானியம்?” என்றார்.

அந்த ஒரு பேச்சு பல முடிச்சை அவிழ்த்தது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒன்று, அது விடுகிற நாளில் பிடித்து வைக்க வேண்டும். போர் தண்ணீர் இன்னொன்று, அதில் பருப்பு வேகாது, காப்பி காப்பியாக இருக்காது. வடகிழக்கு மூலையில் நல்ல தண்ணீர்க் குழாயும் குடம் வைக்கத் திட்டும். தெற்குச் சுவரில் சிங்க், அதற்குப் போர் தண்ணீர். இரண்டு குழாயும் எங்கேயும் சந்திக்காது. பழைய அடுப்படியில் இரண்டு டேப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவசரத்தில் பிள்ளைகள் உப்புத் தண்ணீரை உலையில் ஊற்றிய நாள்கள் நிறைய. இப்போது அது இல்லை. போர் தண்ணீர்ப் பக்கம் பளபளப்பு டேப் வாங்காதீர்கள், ஒரு வருஷத்தில் பூச்சு உரிந்து பச்சை பூத்துவிடும். பி.டி.எம்.டி. டேப், அதாவது அந்த வெள்ளை பிளாஸ்டிக் டேப், பார்வைக்கு எளிமைதான், ஆனால் உப்பு அதை ஒன்றும் செய்யாது.

பின்வாசலுக்கு வெளியே மீன் கழுவ ஒரு கல் மேடை போட்டோம். பாரையோ விளைமீனோ வாங்கி வந்தால் செதில் தெறிக்கும், சிங்க் ஜாலியில் போய் அடைக்கும், வாடை போகாது. வெளியே இடுப்பு உயரத்தில் சொரசொரப்பான கல், பக்கத்தில் ஒரு டேப், தண்ணீர் நேராக வாழைக்கு. இதன் பலன் மீனோடு நிற்கவில்லை. அண்டாவும் பெரிய சட்டியும் அங்கேயே கழுவ முடிவதால் உள்ளே சின்ன சிங்க்கே போதும் என்று ஆகிவிட்டது. மிச்சமான ஒன்றரை அடியில் கிரைண்டர் உட்கார்ந்தது. எங்கள் பக்கத்தில் அடுப்படி வேலை செய்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இனி உயரம். கடையில் கேட்டால் எல்லாரும் 33 அங்குலம், 34 அங்குலம் என்று ஒரே அளவு சொல்வார்கள். நான் ஐந்தடி நாலு அங்குலம், அத்தை நாலடி பத்து அங்குலம். இருபது வருஷமாக அவர் குதிகாலைத் தூக்கி நின்று சோறு வடித்திருக்கிறார், நான் குனிந்து பாத்திரம் கழுவியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் முதுகு வலி. கொல்லையில் செங்கலை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டுச் சோதித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வரிசை செங்கலாக ஏற்றி, அத்தையை நிற்க வைத்து, சட்டியில் துழாவச் சொன்னேன். தோள் தூக்காமல் துழாவ 31 அங்குலத்தில் வந்து நின்றது. பாத்திரம் கழுவுவது நான்தான். சிங்க்கின் அடிவரை கை போக வேண்டும், அதனால் கழுவும் இடம் உயரமாக இருக்க வேண்டும். எனக்கு 34. அடுப்பு கிழக்குச் சுவரில், சிங்க் தெற்குச் சுவரில் என்று ‘ட’ மாதிரி வருவதால், மூலையில் மூன்று அங்குலப் படி கொடுத்து இரண்டு உயரம் வைத்தோம். கொத்தனார் அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “பார்க்கிறவன் என்னைத் தப்பாச் சொல்வான் தாயி” என்றார். அத்தையைப் பலகை முன்னால் நிற்க வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பேசாமல் நூல் பிடித்தார்.

மேடைக்குக் கான்கிரீட் பலகை போடுவதுதான் வழக்கம். கேட்டேன், “கம்பி வேணுமா?” வேண்டாம் என்றே முடிந்தது. இரண்டடிக்கு ஒரு செங்கல் சுவர், அதன் மேல் கடப்பா கல், அதன் மேல் கிரானைட். கம்பி இல்லை. கீழே தட்டும் கடப்பா கல்லே. கடையில் பிளைவுட் அலமாரி நிறையக் காட்டினார்கள். அழகுதான். ஆனால் எங்கள் காற்றில் பிளைவுட் ஓரம் உப்பும், கீல் துருப்பிடிக்கும். 304 என்று விற்கிற ஸ்டீல்கூடக் கடற்கரையில் காப்பிக்கறை மாதிரி திட்டுத் திட்டாகும். 316 நன்றாக நிற்கும், விலை அதிகம். நாங்கள் கதவையே குறைத்துவிட்டோம். இரண்டு தட்டுக்கு மட்டும் பி.வி.சி. கதவு, மிச்சம் எல்லாம் திறந்த தட்டு. பித்தளைப் பாத்திரம் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது என்று அத்தைக்குச் சந்தோஷம்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் தெற்குச் சுவரில் இருந்தது. கச்சான் வீசும் மாதத்தில் அது புகையை வெளியே தள்ளாது, மணலை உள்ளே கொண்டுவரும். கிழக்குச் சுவரில் அடுப்புக்கு மேலே மாற்றினோம். மழை மாதத்தில் அந்தப் பக்கம் வாடைக்காற்று அடிக்கும், அதனால் வெளியே குனிந்த மூடியும் காற்றுக்குத் திறந்து மூடும் இதழும் வைத்தோம். ஜன்னல் முன்பு அடுப்புக்கு நேராக இருந்தது, தீ அணைந்துகொண்டே இருக்கும். அதை மூன்றடி வடக்கே தள்ளினோம். இப்போது குடத்து மூலைக்கு வெளிச்சம் வருகிறது.

இவ்வளவும் முடிவான பிறகுதான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மிக்ஸி கிழக்கு மேடையின் வடக்குக் கோடியில், சிங்க்கிலிருந்து ஐந்தடி தள்ளி. கிரைண்டருக்கும் இன்டக்ஷன் அடுப்புக்கும் தனி லைன், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். அடுப்படிக்கு என்று தனியாக 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச். ஈரக் கையும் உப்பும் சேர்ந்த இடம், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கூரை வேலை நடந்த விதத்தையும் எழுதுகிறேன், அது சரியில்லாவிட்டால் கீழே செய்தது எதுவும் நிற்காது. டொப் சத்தம் வந்த இடம் முழுக்கக் கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தினார்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து இரும்பு வெளுக்கும் வரை விடவில்லை. முறிந்த இடத்தில் புதுக் கம்பியை நல்ல கம்பியோடு ஏற்றிக் கட்டினார்கள். துத்தநாகப் பிரைமர் ஒரு கை. அப்புறம் லேடெக்ஸ் என்ற ஒட்டுப்பால் கலந்த சாந்தை இரண்டு தடவையாக ஏற்றினார்கள். தண்ணீர் விஷயத்தில் அண்ணனோடு ஒரு சின்ன உரசல் வந்தது. கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டேன். நனைக்க மட்டும் போர் தண்ணீர் போதும் என்றார், “காய்ஞ்ச கல்லு என்ன, குடிக்கவா போகுது?” குடிக்கத்தான் செய்கிறது, புதுச் சாந்து தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது என்றேன். ஏழு நாளும் லாரித் தண்ணீரையே தெளித்தோம். டிரம் ஒன்றை நானே காவல் காத்தேன்.

நவம்பர் 20-ஆம் தேதி மழை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நாள் மறக்காது. உள்பக்கம் முடிந்திருந்தது, மொட்டை மாடியில் தட்டோடு, அதாவது தட்டையான மண் ஓடு, பதிப்பது பாதியில் நின்றது. மாடி வடிகாலை நானும் என் மகனும் முழங்கால் தண்ணீரில் நின்று கையால் குப்பை வாரித் திறந்துவிட்டோம். இரவு முழுக்க டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் மட்டும் ஈரம் படர்ந்தது. அந்த மூலையில் தட்டோட்டு வேலையைப் பிறகு இரட்டிப்பாகச் செய்தோம்.

தவறும் நடந்தது. தீபாவளித் தள்ளுபடி என்று ராமநாதபுரத்தில் டைல்ஸை முதலிலேயே வாங்கிவிட்டேன். நடுவில் பூ பார்டர் வைத்த டைல்ஸ். மேடை இரண்டு உயரம் என்று முடிவானது அதற்குப் பிறகு. மூலையில் பார்டர் மூன்று அங்குலம் ஏறி இறங்கி நின்றது. பிரித்து, பார்டர் இல்லாத டைல்ஸ் எட்டுப் பெட்டி மறுபடி வாங்கினேன். டைல்ஸ் கடைசியில் வாங்க வேண்டிய பொருள், கல் ஏறிய பிறகு. இன்னொன்று, காஸ் குழாய் போக கிரானைட்டில் ஓட்டை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல் பதித்த பிறகு மெஷின் வைத்துத் துளைத்தோம். கழுவி அடுக்கிய பாத்திரம் எல்லாம் தூசி.

பணத்துக்குச் சீட்டை முன்கூட்டியே எடுத்தேன், தள்ளுபடி நிறையப் போனது. கணவர் போனில் முதலில் கோபப்பட்டார். முறிந்த கம்பியை வீடியோவில் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அம்மாவ அந்தப் பக்கம் நிக்க விடாத” என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் நடுவில் புது அடுப்படியில் பால் காய்ச்சினோம். அத்தை சீலா மீன் குழம்பு வைத்தார். குதிகால் இரண்டும் தரையில் இருந்தன. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து கொத்தனார் அண்ணன் பாக்கிக் கூலி வாங்க வந்தார். கூப்பிடாமலே ஏணியை எடுத்து அடுப்படிக் கூரையை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போனார். டங், டங், டங். கடைசிவரை அதே சத்தம். இறங்கி, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். வாசல் மூலையில் இரண்டு இடத்தில் டொப் என்றது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து இரண்டு வட்டம் போட்டார். “இது கோடைக்குப் பார்த்துக்கலாம் தாயி, லாரித் தண்ணிக்கு இப்பவே சொல்லி வச்சிருங்க” என்றார். அந்த வட்டத்தை இன்னும் அழிக்கவில்லை.